அறுபது லிட்டரில் எவ்வளவு தெரு?

மந்திரி வருகிறார் என்றால் முதல்நாள் இரவே தெருவோரத்தில் ஒரு வெள்ளைக்கோடு விழுந்துவிடும். பிளீச்சிங் பவுடர். சாக்கடை விளிம்பை ஒட்டி, கோலத்துக்குக் கரை கட்டியதுபோல் நேராகப் போகும். கார்கள் வந்து போன பிறகும் பொடி காய்ந்தபடியே கிடக்கும். காய்ந்த பொடியால் கிருமிக்குப் பெரிய தொல்லை இல்லை. தண்ணீரில் கரைந்தால்தான் அதிலுள்ள குளோரின் வேலைக்கு வரும். அந்தக் கோடு கிருமிக்காகப் போட்டதல்ல, பார்ப்பவர் கண்ணுக்காகப் போட்டது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது கோடு போய் மழை வந்தது. தீயணைப்பு வண்டிகள் தெருத்தெருவாக மருந்து பீய்ச்சின. டிராக்டரில் டேங்க் ஏற்றினார்கள். சென்னையில் ட்ரோன் பறந்தது. இன்னொரு பக்கம் குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து வாசலில் தெளித்தார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு பொறியியல் மாணவர்களின் கண்காட்சி மேசையில் ஒரு சின்ன வண்டி நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது: நாலு சக்கரம், ஒரு பிளாஸ்டிக் கேன், ஒரு நாசில், கையில் ரிமோட். பொத்தானை அழுத்தினால் வண்டி ஓடும், தண்ணீர் தெறிக்கும், கைதட்டல் விழும்.

அந்த வண்டியை மேசையிலிருந்து தெருவுக்கு இறக்க என்னென்ன வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. எல்லோரும் ரிமோட்டிலிருந்து தொடங்குகிறார்கள். ரிமோட் கடைசி வேலை, அதுவும் இருப்பதிலேயே சுலபமான வேலை. தெளிக்கப்போகும் திரவத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால்தான் வண்டி எவ்வளவு பெரிது, என்ன விலை, எங்கே ஓடும், எங்கே ஓடக்கூடாது என்பதெல்லாம் தெரியவரும்.

திரவம் பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட். கடைக்காரருக்கும் மாநகராட்சிப் பணியாளருக்கும் அது 'ஹைப்போ'. நீலக் கேனில் 10 முதல் 12 சதவீதக் கரைசலாக வரும். இதுவும் பிளீச்சிங் பவுடரும் ஒரே குடும்பம். அது பொடி, இது திரவம். பொடியைக் கரைத்தால் அடியில் சுண்ணாம்புக் கசடு தங்கும், அது நாசிலை அடைக்கும். அதனால் வண்டிக்கு ஹைப்போதான் தோது. கிருமியின் மேலுறையையும் உள்ளே இருக்கும் புரதங்களையும் இது ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஹைப்போவுக்குக் கிருமி எது, சாணி எது, வாழைத்தோல் எது என்ற பாகுபாடு கிடையாது. எதிரில் வரும் எல்லா அங்ககப் பொருளோடும் வினைபுரிந்து தன்னைத் தீர்த்துக்கொள்ளும். அழுக்குத் தரையில் ஊற்றினால் முதலில் அழுக்குக்குப் போகும். மிச்சம் இருந்தால்தான் கிருமிக்கு.

எவ்வளவு அடர்த்தி? 2020-இல் மத்திய சுகாதார அமைச்சகம் பொது இடங்களுக்கு 1 சதவீதக் கரைசலைச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் பொதுவான பரப்புகளுக்கு 0.1 சதவீதமும், இரத்தம் போன்றவை சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதமும் போதும் என்றது. 10 சதவீத ஹைப்போவிலிருந்து 1 சதவீதம் வேண்டுமென்றால் ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கரைத்தால் மட்டும் போதாது, பரப்பு சில நிமிடங்களாவது ஈரமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தார்ச்சாலை எத்தனை நிமிடம் ஈரமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெயில் பட்டால் ஹைப்போவும் வேகமாக வீரியம் இழக்கும். ஆகவே இந்த வண்டி விடியலிலோ இரவிலோ வேலை செய்ய வேண்டிய வண்டி. விளக்கு வேண்டும் என்பது இங்கேயே முடிவாகிவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்குப் போடாத மாணவர் குழுதான் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள சாதாரணத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 மில்லி தெளித்தால் தரையில் 0.1 மில்லிமீட்டர் ஈரப்படலம் கிடைக்கும். சொரசொரப்பான தார்ச்சாலைக்கு இது குறைந்தபட்சம். அப்படியானால் ஒரு தெருவுக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ. கண்காட்சி மேசையிலிருக்கும் 2 லிட்டர் கேன் சுமார் மூன்று மீட்டரில் காலி.

ட்ரோனுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விவசாய ட்ரோனில் 10 லிட்டர் டேங்க் என்றால் 100 சதுர மீட்டர் நனையும். அதே தெருவில் 17 மீட்டர். நாலைந்து வீட்டு வாசல். பிறகு இறங்கி, நிரப்பி, பேட்டரி மாற்றி, மறுபடி பறக்க வேண்டும். பயிருக்கு மருந்தடிக்க ட்ரோன் நல்ல கருவி, ஏனென்றால் அங்கே ஓர் ஏக்கருக்கே பத்து லிட்டர் அளவில்தான் தெளிக்கிறார்கள். இலையில் பொட்டுப் பொட்டாக விழுந்தால் போதும். தரையை நனைப்பது வேறு வேலை.

அடுத்தது துளியின் அளவு. மழையும் பனிமூட்டமும் ஒரே தண்ணீர்தான், ஆனால் மழை விழும், மூட்டம் மிதக்கும். 10 மைக்ரான் துளி அசையாத காற்றில் நொடிக்கு வெறும் 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். 100 மைக்ரான் துளி, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன், நொடிக்குக் கால் மீட்டர் இறங்கும். 300 மைக்ரான் துளி நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல். நாசில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மெல்லிய காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றால், 100 மைக்ரான் துளி தரையைத் தொடுவதற்குள் நாலு மீட்டர் நகர்ந்துவிடும். நாலு மீட்டரில் அடுத்த வீட்டுத் திண்ணை இருக்கிறது. அதைவிடச் சின்னத் துளி திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்குள் போகும். படத்தில் புகைமாதிரி கிளம்பும் தெளிப்பு பார்க்க அழகாக இருக்கும். தெருவுக்கு அது கூடாது. பெரிய துளி, குறைந்த அழுத்தம், தரைக்கு அருகில்.

ஆகவே வண்டியின் பின்னால் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாய். அதில் அரை மீட்டருக்கு ஒன்றாக நாலு விசிறி நாசில்கள். ஒன்றின் விரிப்பு அடுத்ததன் விரிப்பின்மேல் கொஞ்சம் ஏறி விழ வேண்டும், இல்லையென்றால் தரையில் வரிவரியாகக் காய்ந்த பட்டைகள் நிற்கும். மொத்தம் இரண்டு மீட்டர் அகலம் நனையும். வண்டி நொடிக்கு அரை மீட்டர் போனால் நொடிக்கு ஒரு சதுர மீட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர், ஒரு நாசிலுக்கு ஒன்றரை லிட்டர். தெருவின் ஆறு மீட்டர் அகலத்துக்கு மூன்று நடை. பத்து நிமிடத்தில் தெருவும் முடியும், டேங்கும் முடியும். நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை இந்த வேகம். வேகத்தைக் கூட்டினால் பம்பையும் கூட்ட வேண்டும். பம்பு அப்படியே இருக்க வண்டி மட்டும் ஓடினால் ஈரம் பாதியாகும். நல்ல வடிவமைப்பில் சக்கரத்தின் வேகத்தைப் பார்த்துப் பம்பு தானே கூடிக் குறையும். கணினி நிரலில் பத்து வரி வேலைதான். ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

குறுக்குக் குழாயைப் பின்னால் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முன்னால் வைத்தால் வண்டி தான் தெளித்த மருந்திலேயே குளித்துக்கொண்டு போகும். ஹைப்போ உலோகத்தைத் தின்னும். இரும்பு ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகும். அலுமினியம் பூத்துப்போகும். பித்தளை நாசிலின் துளை அரித்துப் பெரிதாகி, தெளிப்பின் அளவே மாறிப்போகும். எவர்சில்வரும் தப்பாது, குளோரைடு அதில் ஊசித்துளைகள் போடும். ஆகவே டேங்க் அடர்பாலித்தீன், குழாய் பிவிசி, நாசில் பிளாஸ்டிக்கோ பீங்கானோ, பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஹைப்போவைத் தாங்கும் வகை. கடையில் 'கெமிக்கல் பம்பு' என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். காரைக் கழுவும் பம்பை மாட்டினால் சீக்கிரமே ஒழுகும். மின்னணுச் சாதனங்களுக்குத் தனிப்பெட்டி, மூடி இறுக்கமாக, டேங்குக்குக் கீழே அல்லாமல் மேலே. டேங்க் ஒருநாள் ஒழுகியே தீரும். ஒழுகும்போது கீழே இருப்பது எது என்பதை இன்றே தீர்மானித்துவிட வேண்டும்.

இனி நகர்வு. 60 கிலோ மருந்து, வண்டியின் எடை இன்னொரு 60 கிலோ. சமதளத்தில் இதை இழுக்க 3, 4 கிலோ இழுப்பே போதும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அதோடு இன்னும் 12 கிலோ சேரும். உண்மையான எதிரி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக மெதுவாக ஏறி இறங்க வேண்டும். தெருக்காரர்களே இரண்டு சட்டி சிமென்ட் கலந்து கட்டிய வேகத்தடைக்கு அந்த விதி தெரியாது. அது சுவர்போல் நிற்கும். அதனால் சின்னச் சக்கரம் உதவாது. ஸ்கூட்டர் சக்கரம் அளவாவது வேண்டும், கியர் வைத்த 250 வாட் மோட்டார் இரண்டு வேண்டும். மாணவர்கள் வழக்கமாக வாங்கும் எல்298என் என்ற மோட்டார் பலகை இரண்டு ஆம்பியரைத்தான் தாங்கும். இந்த மோட்டாரில் மாட்டினால் முதல் வேகத்தடையிலேயே புகை வரும்.

தண்ணீர் லாரி திருப்பத்தில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். முழுக்க நிறைந்த லாரியைவிடப் பாதி நிறைந்த லாரிதான் அதிகம் ஆடும், உள்ளே தண்ணீர் ஓட இடம் இருப்பதால். நம் வண்டியும் அப்படியே. டேங்கின் உள்ளே ஓட்டைபோட்ட தடுப்புப் பலகைகள் வைத்துத் தண்ணீரை அறை அறையாகப் பிரித்தால் ஆட்டம் அடங்கும். டேங்க் உயரமாக இல்லாமல் அகலமாக, தாழ்வாக இருக்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஓட்டத்துக்கும் பம்புக்கும் சேர்த்துச் சராசரி 200 வாட் என்றால், 24 வோல்ட் 20 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதற்குள் டேங்க் பத்துமுறை காலியாகியிருக்கும். இந்த வண்டியின் பசி மின்சாரத்துக்கு அல்ல, தண்ணீருக்கு.

கடைசியில் ரிமோட். கைபேசியோடு ப்ளூடூத்தில் பேசும் விலைகுறைந்த பலகைகள் பத்து மீட்டருக்கு மேல் தடுமாறும், தெருவுக்கு ஆகாது. பறக்கும் பொம்மை விமானங்களுக்கு விற்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் போதும், உரிமம் தேவையில்லை. ஒரே ஒரு விஷயம்: இந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். ஆன்டெனாவுக்கும் உங்களுக்கும் நடுவில் அறுபது லிட்டர் டேங்க் நின்றால் சிக்னல் தடைபடும். டேங்குக்கு மேலே ஒரு குச்சி நட்டு அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டுங்கள்.

சிக்னல் அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் ரிமோட்டில் கேட்க வேண்டிய கேள்வி. மலிவான சில கருவிகள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். 'முன்னே போ' என்று சொன்ன நொடியில் தொடர்பு போனால் 120 கிலோ வண்டி மருந்து தெளித்தபடி போய்க்கொண்டே இருக்கும். அரை நொடி சிக்னல் இல்லையென்றால் மோட்டாரும் பம்பும் தாமாக நிற்கும்படி அமைத்து, அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும். வண்டியின் நாலு பக்கமும் எட்டும்படி சிவப்புக் குமிழ்ப் பொத்தான். அதைத் தட்டினால் மின்சாரமே அறுந்துபோக வேண்டும், நிரலிடம் அனுமதி கேட்கக்கூடாது. கேமரா வைக்கலாம், ஆனால் அதை நம்பித் தெருமுனையில் நின்று ஓட்டக்கூடாது. கண்ணாடியில் ஒரு துளி பட்டால் பார்வை போச்சு. ஓட்டுபவர் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். வயலில் மருந்தடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தூரம்தான் இவ்வளவு பாட்டுக்கும் காரணம். 16 லிட்டர் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டினால் இருபது கிலோ. முதுகில் ஒழுகும், முகத்துக்கு நேரே ஆவி வரும். முகக்கவசம் வியர்வையில் நனைந்ததும் கழற்றிவிடுவார்கள். வெயிலில் நாமும் அதைத்தான் செய்வோம். தமிழகத்தில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிய அதே 2020-இல்தான் அந்தத் தெளிப்பான்கள் அவர்கள் முதுகில் ஏறின. கேரளத்து இளைஞர்கள் செய்த பாண்டிகூட் இயந்திரம் பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்காமலிருக்க உருவானது. கும்பகோணத்துக்கும் அது வந்தது. தெருத் தெளிப்பு வண்டியை அந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்: நஞ்சுக்கும் ஆளுக்கும் நடுவே இது எத்தனை மீட்டர் வைக்கிறது?

ஓட்டுபவர் தள்ளி நின்றுவிட்டார், சரி. மற்றவர்கள்? 2020 மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்துப் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து அவர்கள் மேலேயே மருந்தைப் பீய்ச்சினார்கள். பேருந்துகளுக்குத் தெளிக்கச் சொன்னதை ஊழியர்கள் ஆர்வமிகுதியில் இப்படிச் செய்துவிட்டார்கள் என்று விளக்கம் வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் ஆட்கள் நடந்து போகும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. சில நாட்களிலேயே மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. ஏப்ரல் 18-இல் மத்திய அமைச்சகமும் மனிதர் மேல் தெளிக்காதீர்கள் என்றது. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. சீனாவின் சோங்சிங் பகுதியில் கண்டபடி தெளித்ததில் காட்டுப்பன்றி, மரநாய், பறவை என்று 17 இனங்களைச் சேர்ந்த 135 உயிர்கள் செத்துக் கிடந்தன. ஸ்பெயினில் ஒரு கடற்கரை மணலுக்கே டிராக்டரில் பிளீச் அடித்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

2020 மே 15-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது: கொரோனாவுக்காகத் தெருவிலும் சந்தையிலும் மருந்து தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அழுக்கு மருந்தைத் தின்றுவிடும், தேவையான நேரம் ஈரம் நிற்காது, தெரு அந்த நோயின் இருப்பிடமும் அல்ல. காற்றில் பரவும் நோய்க்குத் தரையைக் கழுவியது முகவரி தவறிய கடிதம்.

அப்படியானால் இத்தனை கணக்கும் வீணா? இல்லை. தரையே நோய்க்குக் காரணமாகும் இடங்கள் உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு சாக்கடை நீர் புகுந்த தெரு ஒன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை அதைக் கண்டது. கடை கட்டிய பிறகு மீன் சந்தை, இறைச்சிக்கூடம், பறவைக் காய்ச்சலில் கோழிகளை அழித்த பண்ணை. இங்கெல்லாம் வண்டிக்கு வேலை இருக்கிறது. ஆனால் வண்டி மாற வேண்டும். செதிலும் குடலும் கிடக்கும் தரையில் ஹைப்போ தெளித்தால் அது மீன் குடலோடு சண்டைபோட்டுத் தீர்ந்துவிடும். முதலில் கழுவல், பிறகு தேய்ப்பு, பிறகு அழுக்குத் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் பட்டை, கடைசியில்தான் மருந்து. ஆகவே இரண்டு டேங்க், நடுவில் சுழலும் தூரிகை. எடை கூடும், விலை கூடும். தெருவெங்கும் ஓடும் வண்டியாக இல்லாமல் சந்தைக்குச் சொந்தமான வண்டியாக, குழாயடிக்கு அருகிலேயே நிற்கும். என் கணக்கில் அதுதான் விற்கக்கூடிய வண்டி.

ஒன்று பாக்கி இருக்கிறது. மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்ட வண்டியிலும், மிக ஆபத்தான நேரம் ஓடும் நேரமல்ல, நிரப்பும் நேரம். ஓடும்போது தெளிப்பது 1 சதவீதக் கரைசல். நிரப்பும்போது ஒருவர் 35 கிலோ நீலக் கேனைத் தூக்கி, 10 சதவீத ஹைப்போவை, முகத்தை டேங்க் வாய்க்கு நேரே வைத்து ஊற்றுகிறார். கழிவறைக்கு வாங்கிய ஆசிட் கேனும் அதே நிறத்தில் பக்கத்தில் இருந்து, அது தவறி இதில் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்த இடத்தில் ரிமோட் எதற்கும் உதவாது. கேனிலிருந்து டேங்குக்கு மூடிய குழாய், உறிஞ்சும் சின்னப் பம்பு, வேறு எந்தக் கேனின் வாயிலும் பொருந்தாத இணைப்பு, ஆறு லிட்டரில் தானாக நிற்கும் அளவி. நாளின் முடிவில் டேங்கையும் நாசிலையும் வெறும் தண்ணீரால் அலச வேண்டும், அந்த அலசல் நீர் மழைநீர்க் கால்வாயில் இறங்காமல் பிடிக்க ஒரு தொட்டி வேண்டும். கண்காட்சி மேசைகளில் ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறேன், வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு, இதை யார், எப்படி நிரப்புவார்கள் என்று கேட்கிறேன். இதுவரை பார்த்த வண்டிகளில் எல்லாம் டேங்கின் மேலே ஒரு மூடிதான் இருக்கிறது.